ஏலத்துக்கு வந்த தாகம்

கோழிக்குப் பல் முளைத்த காலத்திலும் இல்லை, கடல் வாய்திறந்து பேசிய காலத்திலும் இல்லை, தேரி மணல் இன்றைக்குப் போலவே சிவந்து கிடந்த ஒரு காலத்திலே, ஒரே ஒரு ஊரிலே ஒரே ஒரு கோயில் இருந்ததாம். அந்தக் கோயிலுக்கு ஒரே ஒரு மணி, அந்த ஊருக்கு ஒரே ஒரு சாராயக்கடை, அந்தக் கடைக்குப் பின்னால் ஒரே ஒரு வாகைமரம், அந்த மரத்தடியில் ஒரே ஒரு தம்ளர், அந்த ஒரே தம்ளருக்கு இரண்டு வாய் இருந்ததாம்.

ஒரு வாய் அருமைநாயகத்துடையது. இன்னொன்று வேதக்கண்ணுடையது.

ஊற்றுவிளை என்ற அந்த ஊரில் அவர்கள் இரண்டு பேரும் பகலெல்லாம் முருங்கைக்காய்க் கட்டுகளை லாரியில் ஏற்றினார்கள், பொழுது சாய்ந்து கடைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டதும் வாகைமரத்தடிக்குப் போனார்கள், ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தைப் பிரித்து நடுவில் வைத்துக்கொண்டார்கள், காலையில் எழுந்து நடுங்குகிற கையோடு மறுபடியும் முருங்கைக்காய் ஏற்றினார்கள். அருமைநாயகத்துக்கு வீட்டில் எப்சிபா என்று ஒரு மனைவி இருந்தாள். சோற்றை மூடிவைத்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்துக்கொள்வாள். வேதக்கண்ணுக்கு அம்மா இருந்தாள். அவளும் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, பெண் கொடுக்க வந்த இரண்டொரு வீட்டுக்காரர்களும் அவன் பேசும்போது வந்த வாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். ஆகவே அந்தத் தம்ளரில் வேதக்கண் குடித்தது பாதி சாராயம், பாதி அருமைநாயகம். அது அவனுக்கே அப்போது தெரியாது.

ஐப்பசி மழை அடித்து ஊற்றிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, முதல் நாள் குடியின் தலைவலியோடு இரண்டு பேரும் ஆராதனை நடந்துகொண்டிருந்த கோயில் வழியாகப் போனார்கள். அருமைநாயகம் மழைக்கு ஒதுங்கி உள்ளே நுழைந்துவிட்டான். வேதக்கண்ணுக்கு உள்ளே போகக் கூச்சமாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே சாரலில் நனைந்துகொண்டு நின்றான். அங்கிருந்துதான் எல்லாவற்றையும் பார்த்தான். ஆண்கள் பக்கத்துப் பாயில் கடைசியில் உட்கார்ந்த அருமைநாயகம், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே எழுந்து, நடுவழியாக நடந்து, முன்னால் போய் முழங்கால் போட்டான், தோள் குலுங்க ஏதோ சொன்னான், இருமினான், மறுபடி இருமினான், அவன் வாயிலிருந்து ஒரு சேவல் தலையை நீட்டி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்து, பிறகு கழுத்தும் நெஞ்சும் இறக்கையுமாக வெளியே வந்து குதித்தது. கறுப்பும் செம்மண் நிறமுமான பெரிய சேவல். சிறகெல்லாம் ஈரம். சாராய வாடையும் ஊறுகாய் வாடையும் கலந்து வீசியது. உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவே கோயிலுக்குப் பழக்கப்பட்டதுபோல் நடந்து வாசலுக்கு வந்து நின்றது.

யாரும் அலறவில்லை. பாட்டில் இன்னும் சில சரணங்கள் பாக்கி இருந்தன. பாதியில் பாட்டை நிறுத்துகிற வழக்கம் அந்தச் சபையில் இல்லை.

ஆராதனை முடிந்த பிறகுதான் பெண்கள் சேவலைச் சுற்றிக்கொண்டார்கள். ஊற்றுவிளையில் ஒவ்வொரு வீட்டுக் கோழிக்கும் இறக்கையில் ஒவ்வொரு நிறத்தில் துணி முடிந்திருக்கும். இதற்கு ஒரு துணியும் இல்லை.

"ஏ எப்சிபா, உன் வீட்டுக்காரர் வயித்துல கெடந்த உருப்படி, உனக்குத்தான் சேரும். கொண்டுபோய்ப் பஞ்சாரம் போட்டு மூடு" என்று தீர்ப்புச் சொன்னாள் சொர்ணபாய். ஊரில் எந்தக் கோழி வழக்கும் அவளைத் தாண்டிப் போனதில்லை.

மழை விட்டிருந்தது. வெளியே வந்த அருமைநாயகத்தின் முகம் கழுவிவைத்த குத்துவிளக்கு மாதிரி இருந்தது.

"போவோமால?" என்றான் வேதக்கண்.

"வேண்டாம்ல."

"சாயங்காலம்?"

"எனக்கு வேண்டாம்னே இருக்குல. உள்ள தேடிப் பாத்தேன். அது இருந்த எடம் காலியா கெடக்கு."

வேதக்கண் சிரித்தான். சிரிப்பு தொண்டை வரை வந்து அங்கேயே நின்றுகொண்டது. அந்த இடத்தில்தான் பொறாமை முதன்முதலாக உட்கார்ந்தது. முள்ளெலும்பு சிக்கினதுபோல, விழுங்கினாலும் போகாமல், காறினாலும் வராமல்.

சேவல் தண்ணீர் குடிக்கவில்லை. கிண்ணத்தில் வைத்ததைக் காலால் தட்டிவிட்டது. காலையில் கூவவில்லை, மத்தியானம் கூவவில்லை. பொழுது சாய்ந்து சாராயக்கடைக் கதவு திறக்கிற நேரத்துக்குக் கடை இருக்கிற திசையைப் பார்த்துக் கூவியது, ஊரே காதைப் பொத்திக்கொள்ளும்படி. உபதேசியார் ஞானாபரணம் வந்து பார்த்தார். ஊரோடு இருந்து ஜெபம் நடத்துகிற மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது கோழி இல்ல. இது இவரோட தாகம்" என்றார். "ஆண்டவர் வெளிய எடுத்துப் போட்டுட்டார். ஆனா ஒண்ணு, வந்த வழி அதுக்குத் தெரியும். அருமைநாயகம், சாயங்காலம் அது கூவுற நேரத்துல வாயை மூடி வச்சுக்கிடும். இல்லன்னா உள்ள தாவிரும்."

அவ்வளவுதான். ஊர் அதை ஏற்றுக்கொண்டுவிட்டது. விரட்டிப் பார்த்தார்கள், பொழுது சாயத் திரும்பி வந்தது. குழம்பு வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னதற்கு, "தின்னவன் வயித்துல போய் உக்காந்துக்கிட்டா யாரு பொறுப்பு?" என்று சொர்ணபாய் கேட்டாள். அதற்குப் பிறகு அது கூவுகிற நேரத்தை வைத்துப் பெண்கள் அடுப்பு பற்றவைத்தார்கள், பீடித் தொழிற்கூடத்துக்குப் போன பெண்கள் வீடு திரும்பினார்கள். எப்சிபா பஞ்சாரத்தின் மேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தாள். பிறகு உள்ளே போய்ப் புருஷனுக்குச் சூடாகச் சோறு போட்டாள், அயிலை மீன் வறுத்து வைத்தாள், எதிரே உட்கார்ந்து அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த மீன் வறுக்கிற வாசனை வாகைமரம் வரைக்கும் வந்தது.

அங்கே வேதக்கண் தனியாக உட்கார்ந்திருந்தான். தம்ளரில் பாதி குடித்து, மீதியைப் பக்கத்தில் நகர்த்திவைத்து, எடுக்க ஆளில்லாமல், மறுபடி தானே எடுத்தான். ஒரே தம்ளர்தானே, ஒரே ஊறுகாய்தானே, ஒரே லாரிதானே, அவனுக்கு நடுங்கின மாதிரிதானே எனக்கும் கை நடுங்கிச்சு, பின்னே அவனுக்கு மட்டும் எப்படிச் சேவல் வரலாம் என்று மரத்தைக் கேட்டான். மரம் அதன் நெற்றுகளைக் கலகலவென்று ஆட்டியது. அருமைநாயகத்தின் வெள்ளை வேட்டியின் மேல் அவனுக்குப் பொறாமை, எப்சிபா மைனி சிரிக்கிற சிரிப்பின் மேல் பொறாமை, "அண்ணாச்சி, எங்க வீட்டு ஜெபத்துக்கு வரணும்" என்று அழைத்துப்போகிறவர்கள் மேல் பொறாமை, பக்கத்து ஊர்ச் சபைகளுக்கு அவன் தன் கதையைச் சாட்சியாகச் சொல்லப் போகும்போது கூடையில் ஏறி ஊர்வலம் போகிற அந்தச் சேவல் மேல்கூடப் பொறாமை. எல்லாவற்றுக்கும் மேலே, சத்தமாகச் சொல்லப் பயந்து சொல்லாமல் வைத்திருந்த இன்னொரு பொறாமை: தன்னிடம் இருந்த ஒரே ஆளையும் எடுத்துக்கொண்ட ஆண்டவர் மேல்.

சரி, நாமும் போய்ப் பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சட்டையைத் தோய்த்துப் போட்டுக்கொண்டு போனான். அருமைநாயகம் முழங்கால் போட்ட அதே இடத்தில் முழங்கால் போட்டான். கண்ணை மூடினான், வாயைத் திறந்தான். கொஞ்ச நேரம் திறந்தே வைத்திருந்தான். இன்னும் அகலமாகத் திறந்தான். ஒரு கொட்டாவி வந்தது. அதற்குப் பிறகு ஒரு ஏப்பம் வந்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ முக்காட்டுக்குள் சிரித்தார்கள்.

"வேதக்கண்ணு, பல் வலியாய்யா?" என்று உபதேசியார் மெதுவாகக் கேட்டார்.

அவன் எழுந்து நேரே போய்ச் சாத்தியிருந்த கடையின் பின்கதவைத் தட்டினான். ஞாயிற்றுக்கிழமை பகலில் குடித்தது அதுதான் முதல் தடவை.

தை மாதம் ஸ்தோத்திரப் பண்டிகை வந்தது. விளைந்ததில் முதல் விளைச்சலைக் கோயிலுக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். படைத்ததையெல்லாம் வாசலில் ஏலம் போடுவார்கள். ஏலம் முடிய அசனம், ஊரே ஒன்றாக உட்கார்ந்து உண்ணுகிற சாப்பாடு. பூசணிக்காய், வாழைத்தார், கருப்பட்டி, கிடாய்க்குட்டி எல்லாம் வரிசையாக வந்தன. அருமைநாயகம் சேவலைக் கொண்டுவந்தான்.

"இந்த வருசம் ஆண்டவர் எனக்குக் குடுத்தது இதுதான். வேற எதைப் படைக்க?" என்றான். அது பாதி உண்மை. மீதிப் பாதியை எப்சிபா சொன்னாள்: "சாயங்காலமானா இவிய பல்லைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறதை என்னால பாக்க முடியல. வீட்டை விட்டுப் போனாப் போதும்."

உபதேசியாருக்கு வியர்த்துவிட்டது. ஒருவனுடைய தாகத்தை இன்னொருவனுக்கு ஏலம் போடலாமா? ஆனால் காணிக்கையாக வந்ததைத் திருப்பி அனுப்பின வழக்கம் ஊற்றுவிளைச் சபையில் இல்லை. படைத்ததை ஏலம் போடாமல் விட்ட வழக்கமும் இல்லை. கூடிப் பேசினார்கள். கடைசியில், நாக்கில் ஒரு சொட்டுப் படாத பொன்னையா வாத்தியார் கேட்டு எடுத்துக்கொள்வதென்றும், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாதென்றும் ஏற்பாடு செய்தார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வருடம் அசனக் கறி முன்னதாகவே வெந்துவிட்டது. அதன் வாசனை காற்றில் வந்தது. பொன்னையா வாத்தியார் ருசி பார்த்துவிட்டு வருகிறேன் என்று சமையல் பந்தலுக்குப் போனார். பூசணிக்காய் முடிந்து சேவலின் முறை வந்தபோது அவர் இலையின் முன்னால் இருந்தார்.

"ஒரு சேவல்" என்றார் உபதேசியார், சமையல் பந்தலைப் பார்த்தபடி. "கேக்கிறவங்க கேக்கலாம். பொன்னையா வாத்தியாரே... வாத்தியாரே!"

"எனக்கு" என்றது ஒரு குரல், கூட்டத்துக்குப் பின்னாலிருந்து.

வேதக்கண் நின்றிருந்தான். இடுப்பில் முடிந்திருந்த சில்லறையை உள்ளங்கையில் விரித்துக் காட்டினான். யாரும் மேலே கேட்கவில்லை. தாகத்தை மேலே கேட்டு வாங்க யாருக்குத் துணிவு வரும்? ஒரு தரம், இரண்டு தரம் என்று உபதேசியார் எவ்வளவு இழுத்துச் சொல்லியும் வாத்தியார் வந்து சேரவில்லை. சேவல் வேதக்கண் கைக்குப் போனது.

அவன் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தபோது நெஞ்சில் ஒரு கணக்கு ஓடியது, நல்ல கணக்கில்லை. பொழுது சாயட்டும். இதைக் கொண்டுபோய் அவன் முன்னால் விடுவேன். வந்த வழி இதற்குத் தெரியும். அவன் வாய்க்குள் தாவட்டும். வெள்ளை வேட்டியும் அயிலை மீனும் சாட்சியும் தீரட்டும். நாளைக்கு வாகைமரத்தடியில் பழையபடி இரண்டு பேர்.

பொழுது சாய்ந்தது. அருமைநாயகத்தின் வாசலில் பாய்கள் விரித்திருந்தன; பண்டிகை நாள் என்பதால் வீட்டு ஜெபத்துக்கு நிறையப் பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். வேதக்கண் சேவலோடு வந்து முற்றத்தில் நின்றான். தூரத்தில் கடைக்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சேவல் அவன் கையில் முறுக்கிக்கொண்டு, கழுத்தை நீட்டிக் கூவியது.

அருமைநாயகம் எழுந்து நின்றான். நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டான். அவன் கை நடுங்கத் தொடங்கியது. அந்த நடுக்கம் வேதக்கண்ணுக்குத் தெரியும். ஒவ்வொரு காலையிலும் முருங்கைக்காய்க் கட்டின் மறுமுனையில் அவன் பார்த்த நடுக்கம்.

"வேதக்கண்ணு, கோழியை விட்டுராதே" என்றார் உபதேசியார். எப்சிபா ஓடிவந்து புருஷனின் வாயைத் தன் கையால் பொத்தினாள். அருமைநாயகம் அந்தக் கையை மெதுவாக விலக்கினான்.

"விடணும்னா விடுல" என்றான். "நீ அதுக்குத்தான் வந்திருக்கேன்னு தெரியுது. ஆனா விட்டுட்டு நீ போயிராத. இங்கேயே இரு."

வேதக்கண்ணுக்குத் தொண்டையில் இருந்த முள் அசைந்தது.

"எனக்கு ஏம்ல வரல?" என்று கத்தினான். யாரைக் கேட்கிறான் என்று அவனுக்கே தெரியவில்லை. முகம் அருமைநாயகத்தைப் பார்த்தது, குரல் அவனைத் தாண்டி மேலே போனது. "நானும் அங்கதான போய் முழங்கால் போட்டேன்? நானும் வாயைத் தொறந்துக்கிட்டுத்தான கெடந்தேன்? உனக்கு ஊரு, உனக்குப் பொண்டாட்டி, உனக்குப் பாட்டு, எனக்கு ஒரு கொட்டாவியாடா?"

"நீ போய் என்ன கேட்டே?"

"சேவல் கேட்டேன்."

"நான் சேவல் கேக்கலையேல."

"பின்ன என்னத்தக் கேட்ட?"

"என்னை விட்டுராதேன்னு கேட்டேன். அவ்வளவுதான். வேற எதுவும் கேக்கத் தெரியல."

சேவல் இறக்கையை அடித்துக்கொண்டது. பிடி தளர்ந்தால் போதும். வேதக்கண் அருமைநாயகத்தின் நடுங்குகிற கையைப் பார்த்தான், திறந்திருந்த வாயைப் பார்த்தான், அந்த வாய் தன்னைப் பார்த்து மூடாமல் இருப்பதைப் பார்த்தான். பிறகு, எதற்கென்று யோசிக்காமலே, சேவலை இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்து இறுக்கிப் பிடித்தான். முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

"என்னையும் விட்டுராத" என்றான், சேவலின் சிறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு.

பிறகு உபதேசியார் பாட்டை எடுத்துக் கொடுத்தார். எடுத்துக்கொடுத்த பாட்டைப் பாடாமல் விடுகிற வழக்கமும் அந்தச் சபையில் இல்லை. அவர்கள் பாடி முடிக்கும்வரை வேதக்கண் பிடித்துக்கொண்டிருந்தான். ஜெபம் முடியும்வரை பிடித்துக்கொண்டிருந்தான். அது கொத்தியது, பிறாண்டியது, கையெல்லாம் கோடு கோடாக ரத்தம். அவன் வயிற்றுக்குள்ளும் அவனுடைய தாகம் கூவிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் எழுந்து போகவும் தம்ளரைப் பிடிக்கவும் கை வேண்டுமே. இரண்டு கையும் அடுத்தவன் தாகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. எப்சிபா ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"மைனி, கை ஒழியல."

"வாயைத் தொற. உனக்குத்தான் நல்லாத் தொறக்கத் தெரியுமே" என்று ஒரு உருண்டை அயிலை மீன் சோற்றை ஊட்டினாள். கூட்டம் சிரித்தது. அவனும் சிரித்தான், சிரிப்பு இந்தத் தடவை தொண்டையில் நிற்கவில்லை. கடைக்கதவு சாத்துகிற சத்தத்தை யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் பொழுது சாயும்போது அவன் மறுபடியும் வந்தான். அதற்கு மறுநாளும் வந்தான். நான் பிடிக்காவிட்டால் அருமைநாயகம் விழுந்துவிடுவான் என்ற பயம் அவனை இழுத்துவந்தது. அருமைநாயகம் அவனோடு தோளொட்டி உட்கார்ந்திருக்க, இவன் சேவலைப் பிடிப்பான், அவன் இவனுக்காக ஜெபம் பண்ணுவான். வேதக்கண் ஜெபிக்கத் தெரியாமல் 'விட்டுராத' என்ற அதே ஒரு வார்த்தையைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான். நடுவில் தவறிய நாட்களும் உண்டு. பங்குனியில் ஒரு நாள் வாகைமரத்தடியில் கிடந்தவனை அருமைநாயகமும் பொன்னையா வாத்தியாருமாகத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றைக்குச் சேவலை வாத்தியார் பிடித்துக்கொண்டார், தன் அசனத்துக்குப் பிராயச்சித்தம் என்று சொல்லி. அதற்குப் பிறகு மற்றவர்களும் வந்தார்கள். "கொஞ்சம் குடுய்யா, கை மாத்திக்கிடுதேன்" என்று ஒருவர் மாற்றி ஒருவர், இன்றைக்கு மேலத்தெரு, நாளைக்குக் கீழத்தெரு என்று, ஊர் முழுவதும் அந்தச் சேவலைப் பிடித்தது. மூக்குக் கண்ணாடியை ஒரு கொத்தில் இழந்தார் உபதேசியார். வீட்டில் யாருக்கும் தெரியாமல் குடித்துக்கொண்டிருந்த இரண்டு மூன்று பேரும் எதுவும் சொல்லாமல் வந்து, கொஞ்ச நேரம் கூடுதலாகவே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார்கள்.

நாளாக நாளாகச் சேவல் கூவுகிற குரல் தணிந்தது. மறுபடியும் ஐப்பசி மழை வந்தது. ஒரு நாள் எப்சிபா முற்றத்தில் பாத்திரம் கழுவிய தண்ணீர் தேங்கிக் கிடந்ததில் சேவல் குனிந்து குடித்தது. தலையைத் தூக்கி விழுங்கிவிட்டு மறுபடி குனிந்து குடித்தது. அன்றைக்குப் பொழுது சாய்ந்தபோது அது கூவவில்லை. மறுநாள் விடியலில், எல்லாச் சேவலும் கூவுகிற நேரத்தில், எல்லாச் சேவலும் கூவுகிற மாதிரி கூவியது. சொர்ணபாய் வந்து பார்த்து, "இனி இது கோழிதான்" என்று தீர்ப்புச் சொல்லி, இறக்கையில் ஒரு துணியை முடிந்துவிட்டுப் போனாள். அன்றைக்கு வேதக்கண் தன் கையை விரித்துப் பார்த்தான். நடுங்கவில்லை. எப்போதிலிருந்து நடுங்கவில்லை என்று யோசித்தான், பிடிபடவில்லை.

அடுத்த தை மாதத்து ஸ்தோத்திரப் பண்டிகையில் அந்தச் சேவலை வேதக்கண் கொண்டுவந்து படைக்க, மறுபடியும் ஏலம் போட்டார்கள். இந்தத் தடவை பொன்னையா வாத்தியார் முன்வரிசையிலேயே நின்றார். ஆனாலும் ஆசைப்பட்டுக் கேட்டவர்கள் நிறைய, அவருக்குக் கிடைக்கவில்லை. அசனம் முடிந்தது. இலைகளை எடுத்துப் போட்டார்கள், பாய்களைச் சுருட்டினார்கள். சொர்ணபாய் போனாள், வாத்தியார் போனார், உபதேசியார் புதுக் கண்ணாடியோடு போனார், எப்சிபா மீந்த சோற்றுப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"எல்லாம் சரில" என்றான் வேதக்கண், கோயில் வாசலில் நின்று. "ஆனாலும் சேவல் உன் வாயிலருந்துதான வந்துச்சு?"

"இன்னும் அது போகலையாக்கும் உனக்கு?"

"கொஞ்சம் கெடக்கு."

"கெடக்கட்டும். வா, போவோம்."

"நீ முன்னால போ. ஒரு நிமிசத்துல வாரேன்."

அருமைநாயகம் தெருவில் இறங்கிப் போனான். வேதக்கண் உள்ளே வந்து சுற்றும்முற்றும் பார்த்தான், யாரும் இல்லை. முன்னால் போய் அந்த இடத்தில் முழங்கால் போட்டு, கண்ணை மூடி, சும்மா ஒரு தடவை பார்ப்போமே என்று, வாயை அகலத் திறந்தான். திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தான். ஜன்னல் வழியாக முருங்கைப் பூ வாசனையோடு காற்று வந்து உள்ளே போனது.

"ஏலே, வேதக்கண்ணு!" என்று தெருவிலிருந்து சத்தம் வந்தது. "வாயை மூடிக்கிட்டு வால, உனக்காவத்தான் நிக்கேன்!"

வேதக்கண் வாயை மூடினான். எழுந்து முழங்காலில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, கோயில் கதவைச் சாத்திக் கொண்டியை மாட்டி, தெருவில் இறங்கி நடந்து போனான்.